ஒரே வேலை, இருபது மடங்கு புகை

பிரான்சில் 2022-ல் ‘புளூம்’ என்ற செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரி உருவானது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வாளர்களின் கூட்டு முயற்சி அது. அதற்குக் கற்றுக்கொடுக்கப்பட்ட 46 மொழிகளில் தமிழும் ஒன்று. பாரிஸ் அருகே உள்ள ழான் ஸே சூப்பர் கம்ப்யூட்டரில் நடந்த அந்தப் பயிற்சிக்கு 4 லட்சத்து 33 ஆயிரம் யூனிட் மின்சாரம் செலவானது. கிட்டத்தட்ட அதே அளவுள்ள ஜிபிடி-3 என்ற மாதிரிக்கு 12 லட்சத்து 87 ஆயிரம் யூனிட் ஆகியிருக்கும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. மின்சாரத்தில் மூன்று மடங்குதான் வித்தியாசம். கரியமில வாயுவிலோ இருபது மடங்கு: ஜிபிடி-3க்கு 500 டன்னுக்கு மேல், புளூமுக்குச் சுமார் 25 டன்.

மின்சாரம் எதிலிருந்து வந்தது என்பதுதான் இதற்கு முக்கியக் காரணம். பிரான்சில் பெரும்பங்கு மின்சாரம் அணு உலைகளில் உற்பத்தியாகிறது. புளூம் பயன்படுத்திய ஒவ்வொரு யூனிட்டுக்கும் வெளியான கரியமில வாயு 57 கிராம். ஜிபிடி-3க்கு 429 கிராம்.

புளூமின் கணக்கைப் போட்டவர்கள் சாஷா லூசியோனி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும். 25 டன்னோடு அவர்கள் நிறுத்திவிடவில்லை. கருவிகளைத் தயாரித்தபோது வெளியான புகைக்கு 11 டன், கணினிகள் வேலை செய்யாமல் சும்மா ஓடிக்கொண்டிருந்த நேரத்துக்கு ஏறக்குறைய 15 டன் என்று சேர்த்தார்கள். மொத்தம் 50 டன்னைத் தாண்டியது. பாதிக் கணக்கு வழக்கமாக யார் கண்ணிலும் படாத இடத்தில்தான் இருந்திருக்கிறது.

இது சில்லறை விவகாரமல்ல. இத்தகைய மாதிரிகளும் இயங்கும் டேட்டா சென்டர்கள், உலகெங்கும் சேர்த்து, 2024-ல் சுமார் 41,500 கோடி யூனிட் மின்சாரத்தைப் பயன்படுத்தியதாகச் சர்வதேச எரிசக்தி முகமை சொல்கிறது. 2030-க்குள் அது இரண்டு மடங்குக்கும் மேலாகும் என்பது அதன் கணிப்பு.

மின்சாரத்தைவிடச் சிக்கலானது தண்ணீர். கணினிக்குள் போகும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளிவருகிறது. பல மையங்கள் தண்ணீரை ஆவியாக்கி அந்த வெப்பத்தை வெளியேற்றுகின்றன. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். ஒரு யூனிட் மின்சாரம் தரும் வெப்பத்தை ஆவியாதல் மூலமே போக்க வேண்டுமென்றால் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும். ஆவியாவதைக் குறைத்து ஏசி போன்ற இயந்திரங்களால் குளிர்விக்கலாம். ஆனால் கரன்ட் பில் ஏறும்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தைச் சேர்ந்த ஷாவோலெய் ரென் குழு 2023 முதல் இந்தத் தண்ணீர்ச் செலவை ஆராய்ந்துவருகிறது. ஜிபிடி-3 சொல்லும் 10 முதல் 50 பதில்களுக்கு அரை லிட்டர் தண்ணீர் என்பது அவர்கள் மதிப்பீடு. எங்கே, எப்போது கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே இந்த ஐந்து மடங்கு இடைவெளி. உச்சி வெயிலில் சூரிய மின்சாரம் தாராளமாகக் கிடைக்கும், புகை குறையும். தண்ணீர் அதிகம் ஆவியாவதும் அதே வேளையில்தான். புகையைக் குறைக்க வெயிலைத் தேடிப் போக வேண்டும், தண்ணீரை மிச்சப்படுத்த வெயிலை விட்டு விலக வேண்டும். அந்த ஆய்வில் என்னை அதிகம் யோசிக்கவைத்த இடம் இதுதான்.

தன் உரையாடல் செயலியான ஜெமினியில் வழக்கமான ஓர் எழுத்துக் கேள்விக்கு 0.24 வாட்-மணி மின்சாரமும் 0.26 மில்லி தண்ணீரும் ஆவதாக 2025 ஆகஸ்டில் கூகுள் தெரிவித்தது. சொட்டுக் கணக்குதான். நிறுவனமே முன்வந்து கணக்குக் காட்டியது வரவேற்க வேண்டியது. ஆனால், அந்த மின்சாரத்தை உற்பத்தி செய்ய மின்நிலையங்களில் செலவான தண்ணீர் அதில் சேரவில்லை. ரென்னின் அரை லிட்டரில் அதுவும் அடக்கம். இரண்டையும் அருகருகே வைத்து ஒன்றைப் பொய் என்பது தவறு.

இந்தத் தண்ணீர்க் கணக்கு நமக்கும் முக்கியம். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது சென்னைக்கு. அதே சென்னையின் சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் இன்று டேட்டா சென்டர்கள் இயங்குகின்றன. ஒவ்வொரு மையமும் எந்த மாதத்தில் எவ்வளவு தண்ணீர் எடுக்கிறது, அது குடிநீரா, சுத்திகரித்த கழிவுநீரா என்பதை அறிய ஊர்மக்களுக்கு முழு உரிமை உண்டு.

ஐரோப்பிய ஒன்றியம் இதில் ஓரளவு முன்னே போயிருக்கிறது. 500 கிலோவாட்டும் அதற்கு மேலும் திறனுள்ள மையங்கள் தங்கள் மின்சார, தண்ணீர்ப் பயன்பாட்டை ஆண்டுதோறும் தெரிவிக்க வேண்டும் என்பது அங்கே விதி. ஆனாலும், பொதுமக்கள் பார்வைக்கு வருவது நாடுவாரியான மொத்தக் கணக்குதான். தங்கள் தெருக்கோடியில் உள்ள மையம் எவ்வளவு எடுக்கிறது என்பது அதில் இருக்காது.