நான்கு சுவருக்குள் படிக்கும் பிள்ளைக்கு வெயில் எங்கே?

சில மாதங்களுக்கு முன் ஒரு உம்மா தனது ஒன்பது வயது மகனுடன் என்னைச் சந்திக்க வந்தார். கொழும்பில் தொடர்மாடி ஒன்றின் நான்காம் மாடியில் குடியிருக்கிறார்கள். மகனைப் பாடசாலைக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிப்பிக்கிறார். பிள்ளை நன்றாக வாசிக்கிறான், கணக்கிலும் குறையில்லை. ஆனால் புதிதாகக் கண்ணாடி போட்டிருந்தான். "சேர், இவன் கடைசியாக எப்ப ஓடி விளையாடினான் என்று எனக்கே ஞாபகமில்லை" என்றார். பாடத்திட்டம் பற்றிக் கேட்க வந்தவருடன் அன்று முழுக்க இதைப் பற்றித்தான் பேசினேன்.

பாடசாலைப் பிள்ளைக்கு வெளிநேரம் யாரும் திட்டமிடாமலே கிடைத்துவிடுகிறது. வேனுக்கு நடப்பது, காலைக் கூட்டத்தில் நிற்பது, இடைவேளையில் துரத்திப் பிடிப்பது, உடற்கல்விப் பாடம் என்று சேர்த்தால் ஒரு மணி நேரமாவது வரும். வீட்டுக்கல்விப் பிள்ளைக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. நேரசூசியில் கணிதத்தைப் போல இதையும் எழுதினால்தான் உண்டு.

கண்ணைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். குறும்பார்வைக்குப் புத்தகமும் போனும் மட்டும் காரணமல்ல, பகல் வெளிச்சம் குறைவதும் ஒரு காரணம். வீட்டு மின்விளக்கின் வெளிச்சம் சில நூறு லக்ஸ் அளவுதான். வெளியே மரநிழலில்கூட அது பல ஆயிரம் லக்ஸைத் தாண்டும். அந்த வெளிச்சத்தில் விழித்திரையில் சுரக்கும் டோபமைன், கண்கோளம் அளவுக்கு மீறி நீள்வதைத் தடுக்க உதவுகிறது என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். சீனாவின் குவாங்சோ நகரில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிட வெளிப்புற வகுப்பு மேலதிகமாகக் கொடுத்து மூன்று வருடம் கவனித்தார்கள். 2015இல் முடிவு வெளியானது. வெளியே போனவர்களில் சுமார் 30 வீதத்தினருக்கும், வழமைபோல் இருந்தவர்களில் சுமார் 40 வீதத்தினருக்கும் புதிதாகக் குறும்பார்வை வந்திருந்தது. ஏற்கெனவே வந்ததை இது மாற்றாது. ஆனால் அந்த உம்மாவுக்கு இன்னும் ஆறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள்.

சரி, எப்போது போவது? கொழும்பில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் சுமார் இரண்டரை மணி நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில்தான் நாம் ஓதல் வகுப்பையும் ரியூஷனையும் வைத்திருக்கிறோம். வீட்டில் படிக்கும் பிள்ளைக்குக் காலை ஏழரை முதல் ஒன்பது வரையும் இருக்கிறது, பூங்காக்கள் காலியாகக் கிடக்கும் நேரம். ஆனால் பல தாய்மார் அப்போது வெளியே வரத் தயங்குகிறார்கள். "புள்ள ஸ்கூல் போகல்லயா?" என்று யாராவது கேட்டுவிடுவார்களாம். கேட்டால் கேட்கட்டும், "வீட்டில படிப்பிக்கிறோம்" என்றால் முடிந்தது.

இடம் இல்லை என்பதும் முழு உண்மையல்ல. காலிமுகத்திடல் இருக்கிறது, விகாரமகாதேவி பூங்கா இருக்கிறது, பத்தரமுல்லைப் பக்கம் தியத்த உயன இருக்கிறது. வெள்ளவத்தை, தெஹிவளைக் காரருக்குக் கடல் பக்கத்திலேயே, ரயில் பாதையைக் கடக்கும்போது மட்டும் கையை விடக் கூடாது. 2018இல் ரம்சார் ஈரநில நகரங்களில் ஒன்றாகக் கொழும்பு அங்கீகரிக்கப்பட்டது. பெத்தகான ஈரநிலப் பூங்காவில் ஒரு காலை நடந்தால் விஞ்ஞானப் பாடத்தில் ஓர் அலகே முடிந்துவிடும். டெங்கு பயம் நியாயமானது. அந்த நுளம்பு காலையிலும் மாலையிலும்தான் அதிகம் கடிக்கும், ஆகவே நீண்ட கை உடுப்பும் நுளம்புத் தைலமும் தேவை. ஆனால் அதே நுளம்பு தொடர்மாடியின் பூச்சட்டித் தண்ணீரிலும் பெருகுகிறது.

பெண் பிள்ளைகள் விடயத்தில்தான் எனக்கு மனவருத்தம். பத்து வயதானதும் "இனி வெளியே வேண்டாம்" என்கிறோம். பாடசாலைக்குப் போகும் மகளுக்கு மைதானமாவது மிஞ்சுகிறது, வீட்டில் படிக்கும் மகளுக்கு பல்கனி மட்டும்தான். உடை ஒழுங்கும் துணையும் இருந்தால் அவள் நடக்கவும் சைக்கிள் ஓடவும் பந்தெறியவும் என்ன தடை? பள்ளிவாசல் வளவில் இடமுள்ள ஊர்களில், வாரத்தில் இரண்டு காலைகளைத் தாய்மாருக்கும் பெண் பிள்ளைகளுக்கும் ஒதுக்கும்படி நிர்வாகத்திடம் கேட்கலாம். கேட்டுப் பார்க்காமலே "தரமாட்டார்கள்" என்று முடிவு கட்டுகிறோம்.

அந்த உம்மா தனியாகச் செய்யவில்லை. அதே தொடர்மாடியில் இன்னும் இரண்டு வீட்டாரைச் சேர்த்துக்கொண்டார். திங்கள் ஒருவர், புதன் ஒருவர், வெள்ளி காலை ஒருவர் என்று முறை வைத்துப் பிள்ளைகள் எல்லோரையும் கூட்டிப் போகிறார்கள். முறை இல்லாத நாளில் மற்ற இருவருக்கும் சமைக்க நேரம் கிடைக்கிறதாம். போன கிழமை மகன் முழங்காலில் சிராய்ப்போடு வந்தான் என்று சிரித்துக்கொண்டே போனில் சொன்னார்.