‘லேசான’ பக்கவாதமும் சிண்டுக்குச்சி பிடிக்கும் கையும்

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தரும் குறிப்பில் ‘லேசான பக்கவாதம்’ என்று எழுதியிருந்தால், ஆலை நிர்வாகமும் ஒப்பந்ததாரரும், பல வேளைகளில் குடும்பத்தினரும்கூட அதை ஒரே பொருளில்தான் எடுத்துக்கொள்கின்றனர். உயிருக்கு ஆபத்தில்லை, நடக்கிறார், பேசுகிறார், ஆகவே அடுத்த மாதம் வேலைக்கு வந்துவிடலாம். அந்த மனிதர் பறையிசைப்பவராகவும் இருந்தால், லேசானது என்பது யாருடைய அளவுகோலின்படி என்று கேட்டாக வேண்டும்.

பக்கவாதத்தின் கடுமையை மருத்துவர்கள் உலகெங்கும் என்.ஐ.எச். அளவுகோலால் மதிப்பிடுகின்றனர். சுழியத்தில் தொடங்கி 42 வரை செல்லும் மதிப்பெண் அது. ஐந்துக்குள் இருந்தால் பொதுவாக லேசானது என்பர். கையைச் சோதிக்க அதில் உள்ள முறை எளிமையானது. கையை நீட்டி உயர்த்திப் பத்து விநாடி தாழாமல் பிடித்திருந்தால் அக்கைக்குச் சுழியம், அதாவது குறையேதும் இல்லை. தோளும் முழங்கையும் பலமாக இருந்தால் போதும். விரல்களின் நுண்ணசைவுக்கு அங்கே தனி மதிப்பெண் கிடையாது. உயிர்காக்கும் சிகிச்சையை விரைந்து முடிவுசெய்ய உருவான கருவி என்பதால் இதை அதன் குற்றமாகச் சொல்வதற்கில்லை. ஆனால் அந்த மதிப்பெண்ணை ஒருவரின் பிழைப்பை அளக்கவும் பயன்படுத்தும்போதுதான் அநீதி தொடங்குகிறது.

பறையை இடத்தோளில் மாட்டி, வலக்கையில் தடித்த அடிக்குச்சியும் இடக்கையில் மெல்லிய நீண்ட சிண்டுக்குச்சியும் கொண்டு அடிக்கின்றனர். இடக்கை பறையைத் தாங்கியபடியே குச்சியையும் விரல்களிடையே துள்ளவிட வேண்டும். மணிக்கட்டு சற்று இறுகினாலும், விரல் விரிவதில் நொடியின் சிறு பங்கு தாமதித்தாலும் அடி பிசகிவிடும். கூட்டாக ஆடிக்கொண்டு அடிக்கும் கலையில் ஒருவரின் பிசகு குழுவையே தடுமாற வைக்கும். சோறு பிசைந்து உண்ணவும் சட்டைப் பொத்தான் போடவும் முடிகிற கை, அடுத்த நிகழ்ச்சிக்கு அழைக்கப்படாத கையாகவும் இருக்கக்கூடும்.

திருவள்ளூர் மாவட்ட மக்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் பட்டியல் சாதியினர் என்பது 2011 கணக்கெடுப்பு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு உருக்காலைகளிலும் உருட்டாலைகளிலும் ஒப்பந்தக் கூலியாக ஷிப்டு பார்த்துவிட்டு, சாவு வீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் அரசியல் மேடைக்கும் பறையடிக்கச் செல்வோர் சுற்றுவட்டாரக் காலனிகளில் உண்டு. ஆலைக் கூலி வங்கிக் கணக்கில் பதிவாகும். பறைக்கூலி கையில் கிடைத்து கையோடு போகும். அதற்கு ரசீதும் கிடையாது, சாட்சியும் கிடையாது. இழப்பு நேரும்போது முதல் வருமானத்தை மட்டும் பேசிவிட்டு இரண்டாவதை ‘பழக்கம்’ என்று தள்ளிவிடுகிறார்கள். பறையடிப்பதைச் சாதிக் கடமையாகச் சுமத்தியதை மறுத்து எழுந்தது தலித் இயக்கம். அதே கருவியைக் கலையாகவும் போர்க்குரலாகவும் மீட்டெடுத்ததும் அதுவே. அலங்காநல்லூரைச் சேர்ந்த வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ வழங்கிய நாட்டில், காலனிப் பறைக்கலைஞரின் விரலுக்கு விலை இல்லை என்று ஓர் அலுவலர் சொல்வாரேயானால் அதை ஏற்க வேண்டியதில்லை.

கை மீளுமா? பெரும்பாலும் மீளும், ஆனால் தானாக மீளாது. மூளையில் இரத்த ஓட்டம் தடைப்பட்ட பகுதியிலிருந்து கைக்குச் செல்லும் நரம்புப் பாதை சேதமுறுகிறது. அருகிலுள்ள பகுதிகள் அவ்வேலையை ஏற்கப் பழகுகின்றன. திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுதான் அப்பழக்கத்தை உண்டாக்குகிறது. முதல் மூன்று மாதங்களில் மீட்சி வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகும். இடையில் ஒரு பொறியும் உண்டு. தளர்ந்த கை ஒத்துழைக்காதபோது நல்ல கையே எல்லாவற்றையும் செய்துவிடுகிறது. செய்யக்கூடியதைக்கூடச் செய்யாமலிருக்கத் தளர்ந்த கை கற்றுக்கொள்கிறது. இதை விளக்கிய அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப், நல்ல கைக்கு உறை மாட்டிக் கட்டுப்படுத்தி, தளர்ந்த கையைத் தீவிரமாகப் பயிற்றும் முறையை வகுத்தார். அம்முறையை 222 பேரிடம் சோதித்த ஆய்வு 2006இல் வெளியானது. இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி உறை, வேலைநாள்களில் ஆறு மணி நேரம் வரை பயிற்சி. ஓராண்டுக்குப் பின்னும் பலன் நீடித்தது. மணிக்கட்டும் விரல்களும் ஓரளவேனும் விரியக்கூடியவர்களுக்கே இது பொருந்தும். லேசான பக்கவாதம் கண்டவர் பலர் அவ்வகையினரே.

ஜெர்மனியில் 2007இல் வெளியான மற்றோர் ஆய்வில், இசைப் பயிற்சியே இல்லாத நோயாளிகளுக்கு மின்னணு முரசுத் தட்டுகளையும் பியானோ விசைகளையும் கொடுத்து மூன்று வாரம் பயிற்றினர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட அவர்களின் கையசைவு மேம்பட்டது. பின்னர் நடந்த ஆய்வுகள் எல்லாம் இதே அளவு பலனைக் காட்டவில்லை. ஆகவே பறை அடித்தால் நோய் தீரும் என்று யாரும் விளம்பரம் செய்ய வேண்டாம். எனினும் அடி சரியாக விழுந்ததா என்பதைக் காது உடனுக்குடன் சொல்லிவிடும் பயிற்சி, ரப்பர் பந்தைப் பிசைவதைவிடச் சலிப்பில்லாதது. வாழ்நாள் முழுதும் தாளத்தோடு இருந்தவருக்கு அது புதிதாகக் கற்க வேண்டியதும் அல்ல.

எல்லாம் மீளும் என்று வாக்களிப்பதும் பொய்யாகும். மாண்ட்ரியாலின் கறுப்பின ரயில்வே சுமைப் பணியாளர் ஒருவரின் மகனாகப் பிறந்து, ஜாஸ் பியானோவின் பெருங்கலைஞராக வளர்ந்தவர் ஆஸ்கர் பீட்டர்சன். 1993இல் பக்கவாதம் அவரது இடப்பக்கத்தைத் தாக்கியது. சில காலம் மேடையை விட்டிருந்தவர், பயிற்சிக்குப் பின் திரும்பினார். இடக்கையின் பழைய வல்லமை முழுதாகத் திரும்பவில்லை. வலக்கைக்கு அதிகம் கொடுத்து வாசிப்பை மாற்றி அமைத்துக்கொண்டு, 2007இல் மறையும்வரை பெரும்பாலும் இசையோடே இருந்தார். அவருக்கு ஓய்வெடுக்கப் பணமும் காத்திருக்க ரசிகர்களும் இருந்தனர். கும்மிடிப்பூண்டியில் அந்தக் காத்திருப்புக் காலத்தை யார் தருவது என்பதில்தான் சட்டம் வருகிறது.

முதலில் இ.எஸ்.ஐ. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்வரை பெறும் தொழிலாளர், ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவராயினும், இதற்குள் அடங்குவார். சாதாரண நோய்க்கால உதவி ஆண்டுக்கு 91 நாள், சராசரிக் கூலியில் 70 விழுக்காடு. பலர் இத்தோடு முடிந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். நீண்டகால நோய்கள் என 34 நோய்களின் பட்டியல் ஒன்று உண்டு. ஒருபக்கச் செயலிழப்பு மட்டுமன்றி, ஒருபக்கத் தளர்ச்சியும் அதில் இருக்கிறது. இரண்டாண்டு தொடர்ந்து வேலையிலிருந்து, அதற்கேற்ற சந்தா நாள்களும் இருந்தால், 80 விழுக்காடு வீதத்தில் இரண்டாண்டு வரை உதவி நீளலாம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வந்துவிட்டது, இ.எஸ்.ஐ. உரிமை அதனுள் தொடர்கிறது. ஒப்பந்ததாரர் சந்தா கட்டவில்லை என்றால் அதற்கு முதன்மை முதலாளியே பொறுப்பு. தொழிலாளரைத் திருப்பியனுப்ப அது காரணமாகாது.

வேலையிடத்தில் பக்கவாதம் தாக்கியது என்பது மட்டும் இழப்பீட்டுக்குப் போதாது. நெல்லூர் மின்நிலையத் தொழிலாளி ஒருவர் பணியில் மாரடைப்பால் இறந்த வழக்கில், வேலைப்பளுவுக்கும் இறப்புக்கும் தொடர்பு காட்டப்படவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2006இல் மறுத்தது. நெடுந்தூரம் லாரி ஓட்டியவரின் இறப்பில், 2012இல், அத்தொடர்பை ஏற்றது. உலைவெப்பம், தொடர்ச்சியான இரட்டை ஷிப்டு ஆகியவற்றுக்கு வருகைப் பதிவேடே சான்று. அதன் நகலை முதல் வாரமே கேட்டு வாங்காவிட்டால் பிறகு கிடைப்பது அரிது.

ஊனச் சான்றிதழ் பக்கம் நிலைமை மோசம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் முதன்மைப் பயன்கள் 40 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ளோருக்கே. விரல் மந்தம் அதை எட்டாமல் போகலாம். பணியில் ஊனமுற்றவரை நீக்கக்கூடாது என்ற அச்சட்டப் பாதுகாப்போ அரசு நிறுவனங்களுக்கு மட்டும். ஆனால் விழுக்காடே வாழ்வாதாரம் அல்ல என்பதை உச்ச நீதிமன்றம் எப்போதோ சொல்லிவிட்டது. ஒடிசாவின் ஜெய்ப்பூரில் திரையரங்கு ஒன்றில் வேலை செய்தபோது விழுந்து இடக்கையை இழந்த தச்சரின் வழக்கில், ஒற்றைக் கையால் தச்சு வேலை இல்லை என்பதால் வருமான இழப்பு நூறு விழுக்காடு என்பதை 1975 டிசம்பரில் அது உறுதிசெய்தது. உடல் ஊனம் வேறு, தொழில் ஊனம் வேறு என்பதை 2010இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் விரித்துரைத்தது. இவை விபத்து வழக்குகள். நோய்க்கு நேரடியாகப் பொருந்தா. எனினும் பறைக்கலைஞரின் கையை எழுத்தரின் கைபோல் அளக்காதீர்கள் என்று எந்த மருத்துவக் குழுவின் முன்னும் வாதிட இந்தத் தர்க்கம் துணைநிற்கும்.

இடையில் பயிற்சிக்கு ஆள் வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவம் வீட்டுக்கே வர வேண்டும். காலனிக்கும் வர வேண்டும். வராவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எழுத்து மூலம் கேட்கலாம். கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரலுக்குப் புறநகர் ரயிலேறி, வாரம் மூன்று முறை சென்னை சென்று திரும்பக் கூலிக்காரரால் இயலாது.

நடைமுறையில் நான் வலியுறுத்துவது சிறிய விஷயங்களே. மருத்துவமனைப் பதிவில் தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்று எழுதுகிறார்கள். ‘கூலி, பறைக்கலைஞர்’ என எழுதச் சொல்லுங்கள். 2007இல் அமைந்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தின் அட்டை இருந்தால் நகலை இணையுங்கள். இல்லையெனில் பதிவு செய்யுங்கள். பாதித்தது எந்தக் கை, எந்த விரல், குச்சி பிடிக்க முடிகிறதா என்பதைக் குறிப்பில் எழுத வையுங்கள். நோய்க்கால உதவி பெறும் நாளில் கூலிக்கு வேலை செய்தால் உதவி நின்றுவிடும். வீட்டுத் திண்ணையில் பறையெடுத்துப் பழகுவது வேலை அல்ல, சிகிச்சை. ஆனால் யாரோ அதைக் கைப்பேசியில் படமெடுத்து ஒப்பந்ததாரரிடம் காட்டி, ஆள் நன்றாகத்தான் இருக்கிறார் என்று சொல்லக்கூடும். ஆகவே பயிற்சி தொடங்கும் முன்பே, ‘பறைப் பயிற்சி, நாளொன்றுக்கு இத்தனை நிமிடம்’ என்று இயன்முறை மருத்துவரின் கையெழுத்தோடு சீட்டில் எழுதி வாங்கிவிடுங்கள்.