கூவம் சூழ்ந்த தீவு



சென்னைக் கோட்டைப் பக்கத்திலிருந்து அண்ணா சாலைக்குச் செல்பவர் இரண்டு பாலங்களைக் கடக்கிறார். அவற்றின் நடுவே, 1839இல் நிறுவப்பெற்ற தாமஸ் மன்றோவின் குதிரைச் சிலையையும் காண்கிறார். ஆயினும், தாம் ஒரு தீவைக் கடந்து வந்ததை உணர்வதில்லை. எங்கள் கவரைப்பேட்டையிலிருந்து பொருட்காட்சி காண ரயிலேறிச் செல்லும் பிள்ளைகளும் ‘தீவுத்திடல்’ என்று சொல்வார்களேயன்றி, அப்பெயரின் காரணத்தைக் கேட்பதில்லை.

நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலமே தீவு. இத்தீவு இயற்கையாய் அமைந்ததன்று. அவ்வாறாயின், ஆற்றில் மண்ணைக் கொட்டி மேடாக்கினார்களோ? அதுவுமன்று. முற்காலத்தில் கூவமும் எழும்பூர் ஆறும் தனித்தனியே வந்து கடலருகே கலந்தன. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில், மேற்கே இவ்விரண்டையும் இணைத்துக் கால்வாய் ஒன்று வெட்டப்பட்டது. வடக்கிலும் தெற்கிலும் ஆறு. கிழக்கில் அவற்றின் கூடல். மேற்கிலும் நீர் வந்தவுடன் இடைப்பட்ட நிலம் தீவாயிற்று. இன்றும் கூவம் சிந்தாதிரிப்பேட்டை அருகே இரு கிளையாகப் பிரிந்து, நேப்பியர் பாலத்தருகே மீண்டும் கூடுகிறது.

இனி அந்நீரின் நிலையைக் கவனிப்போம். கடலோர நீரோட்டம் ஆண்டின் பெரும்பகுதியில் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே கொண்டு செல்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகம் கட்டப்பட்டதும், அம்மணல் அதன் தென்புறத்தில் தங்கலாயிற்று. மெரீனாக் கடற்கரை அகன்றது. கூவத்தின் முகத்துவாரமோ அடைபடத் தொடங்கியது. அது அடைபட்டால், கடலின் ஏற்றவற்றம் உள்ளே புகுந்து ஆற்றைக் கழுவ வழியில்லை. மழைக்காலம் நீங்கலாக மற்ற மாதங்களில் ஆற்றில் நன்னீரும் அரிது. வந்து சேர்வது பெரும்பாலும் கழிவுநீரே. எனவேதான் தீவைச் சுற்றிலும் நீர் இருந்தும், அதன் அருகே நிற்க எவரும் விரும்புவதில்லை.

இதனை நம் மாவட்டத்தார் அறிய வேண்டுவது ஏன்? கூவம் திருவள்ளூர் மாவட்டத்தின் வழியே வரும் ஆறு. திருவிற்கோலம் என்னும் பாடல் பெற்ற தலம் அமைந்த கூவம் கிராமத்தின் பெயரையே ஆறும் தாங்கி நிற்கிறது. மேற்கே கரையோர ஊர்களில் ஆற்றில் விடப்படும் கழிவு, தீவின் இரு கிளைகளிலும் சென்று தேங்குகிறது. முகத்துவாரத்து மணலை இயந்திரங்கள் அள்ளிவிடும். ஆனால் அங்கே சென்று சேரும் நீர் தூய்மையாக இருக்க வேண்டுமானால், அந்தப் பணி நம் ஊர்களில்தான் தொடங்க வேண்டும்.