உடைந்த அணை... உருமாறிய தோட்டங்கள்! ஸபா நாட்டைப் பற்றி திருக்குர்ஆன் சொல்வதும் கல்வெட்டுகள் சொல்வதும்

சில வாரங்களுக்கு முன்பு என் வாட்ஸ்அப்புக்கு ஒரு வீடியோ வந்தது. வறண்ட மலைகளுக்கு நடுவே பிரமாண்டமான கல் கட்டடம் ஒன்று நிற்கிறது. பின்னணியில் அதிரடி இசை. 'திருக்குர்ஆனில் சொல்லப்பட்ட அணை கண்டுபிடிப்பு... ஆய்வாளர்கள் அதிர்ச்சி!' என்று பெரிய எழுத்தில் தலைப்பு. அதை அனுப்பிய குரூப்பில் அதற்குள் இரண்டு கட்சி. "பார்த்தீர்களா, நிரூபணம் ஆகிவிட்டது" என்று ஒரு தரப்பு. "எல்லாம் கட்டுக்கதை" என்று மறு தரப்பு.

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பதால், இப்படி வரும் வீடியோக்களைச் சரிபார்ப்பது பழக்கமாகிவிட்டது. தேடிப் பார்த்தேன். அணை உண்மை. இடமும் உண்மை, ஏமன் நாட்டின் மாரிப். ஆனால் 'கண்டுபிடிப்பு', 'அதிர்ச்சி' இரண்டும் பொய். அந்த அணை தொலைந்துபோகவே இல்லை. ஏமன் மக்களுக்கு அது எப்போதும் தெரியும். ஐரோப்பியப் பயணி ஒருவர் அதைப் பார்த்துக் குறிப்பெழுதியதே 1843-ல்!

தேடத் தேடக் கிடைத்த கதை, அந்த வீடியோவைவிடப் பல மடங்கு சுவாரஸ்யமானது. வாருங்கள், மாரிப் வரை போய் வரலாம்.

திருக்குர்ஆன் என்ன சொல்கிறது?

திருக்குர்ஆனின் 34-வது அத்தியாயத்தின் பெயரே 'ஸபா'. அதில் 15 முதல் 19 வரையிலான வசனங்களில் இந்த வரலாறு வருகிறது. சுருக்கமாகச் சொன்னால் இதுதான்.

ஸபா மக்களின் ஊரில் வலப்பக்கம் ஒன்றும் இடப்பக்கம் ஒன்றுமாக இரண்டு தோட்டங்கள் இருந்தன. இறைவன் தந்ததைச் சாப்பிட்டு அவனுக்கு நன்றியோடு இருக்கும்படி அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அவர்கள் புறக்கணித்தார்கள். 'ஸைலுல் அரிம்' எனும் வெள்ளம் வந்தது. செழித்திருந்த தோட்டங்கள் போய், கசப்பான பழம் தரும் செடிகளும், உவர் நிலத்தில் வளரும் 'அத்ல்' மரங்களும், கொஞ்சம் இலந்தையும் மிஞ்சின. வழிநெடுக ஊர்கள் இருந்த பாதுகாப்பான பயணப் பாதையும் போனது. மக்கள் சிதறிப்போனார்கள்.

இவ்வளவுதான். அணையைக் கட்டிய மன்னரின் பெயர் இல்லை, ஆண்டும் இல்லை. எலிகள் அணையைக் கரம்பித்தான் அது உடைந்தது என்று ஒரு கதை கேள்விப்பட்டிருப்பீர்கள். அது பிற்கால விளக்கவுரைகளிலும் நாட்டுப்புறக் கதைகளிலும் வருவது. வசனத்தில் எலி இல்லை.

இரண்டு தோட்டங்கள் எங்கே?

மாரிப், ஏமன் தலைநகர் சனாவுக்குக் கிழக்கே பாலைவனத்தின் விளிம்பில் இருக்கும் ஊர். அங்கே ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மேற்கே உள்ள மலைகளில் ஆண்டுக்கு இரண்டு பருவங்களில் மழை பெய்யும். அந்தத் தண்ணீர் 'வாதி அதனா' என்ற காட்டாற்றில் சில நாள்கள் மட்டும் வெள்ளமாகப் பாய்ந்து வந்து, பாலைவன மணலில் காணாமல் போய்விடும்.

அந்தச் சில நாள் தண்ணீரைப் பிடிக்கத்தான் ஸபா மக்கள் அணை கட்டினார்கள். இரண்டு மலைகளுக்கு இடையே உள்ள குறுகலான இடத்தில் மண்ணைக் கொட்டி, மேலே கற்களைப் பாவி, 600 மீட்டருக்கும் அதிக நீளத்தில் ஒரு பெரிய கரை. அதன் இரண்டு முனைகளிலும் செதுக்கிய கற்களால் ஆன மதகுகள். வாட்ஸ்அப் வீடியோவில் வந்தது இந்த மதகுகளில் ஒன்றுதான். இரண்டும் இன்றும் நிற்கின்றன.

நம் ஊர் அணைகளைப் போல மாதக்கணக்கில் தண்ணீரைத் தேக்கிவைப்பது இதன் வேலை அல்ல. வெள்ளத்தின் மட்டத்தை உயர்த்தி, இரு பக்க மதகுகள் வழியாக வாய்க்கால்களுக்குத் திருப்பிவிடுவதுதான் வேலை. அதனால் காட்டாற்றின் ஒரு கரையில் ஒரு பாசனப் பரப்பு, மறு கரையில் இன்னொன்று என இரண்டு பசுமைப் பகுதிகள் உருவாயின. கல்வெட்டுகளில் இவற்றுக்கு 'அப்யன்', 'யஸ்ரன்' என்று தனித்தனிப் பெயர்களே உண்டு. ஜெர்மன் தொல்லியல் நிறுவனத்தினர் அளந்து பார்த்ததில், இரண்டும் சேர்ந்து 9,000 ஹெக்டேருக்கும் மேல் வருகிறது.

வலப்பக்கம் ஒரு தோட்டம், இடப்பக்கம் ஒரு தோட்டம். வசனம் காட்டும் காட்சி இந்த நில அமைப்போடு அப்படியே பொருந்துகிறது.

'அரிம்' என்றால் என்ன?

இந்தச் சொல்லுக்குப் பழைய விளக்கவுரையாளர்கள் பல பொருள்களைச் சொல்லியிருக்கிறார்கள். சிலர் அணை என்றார்கள், சிலர் கடும் மழை என்றார்கள், வேறு சிலர் அது ஒரு பள்ளத்தாக்கின் பெயர் என்றார்கள். வழக்கமான அரபியில் அதிகம் புழங்காத சொல் என்பதால் வந்த குழப்பம் இது.

விடை ஸபா மக்களின் மொழியிலேயே இருந்தது. தென் அரேபியாவில் அரபிக்கு முன்பு தனி எழுத்தும் தனி மொழியும் வழங்கிவந்தன. 1888-ல் எட்வர்ட் கிளாசர் என்ற ஆஸ்திரிய ஆய்வாளர் மாரிபுக்குப் போய், அங்கிருந்த ஏராளமான கல்வெட்டுகளைப் படியெடுத்து வந்தார். அணையின் பழுதைச் சரிசெய்ததைச் சொல்லும் இரண்டு நீளமான கல்வெட்டுகளும் அவற்றில் அடக்கம். அணையைக் குறிக்க அவற்றில் வரும் சொல், இதே 'அரிம்' என்ற சொல்லின் மூல எழுத்துகளைக் கொண்டது. ஆக, 'ஸைலுல் அரிம்' என்றால் 'அணை வெள்ளம்'. உள்ளூர் மக்கள் தங்கள் அணைக்கு வைத்திருந்த சொல்லே திருக்குர்ஆனில் பதிவாகியிருக்கிறது.

ஒரே ஒருமுறை உடைந்த அணை அல்ல!

அந்த இரண்டு கல்வெட்டுகளில் முதலாவது, ஹிம்யர் மன்னர் ஷரஹ்பில் யஃபுர் வெட்டியது. காலம் கி.பி. 5-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி. அணை உடைப்பெடுத்ததையும், சுமார் 20,000 பேரைத் திரட்டிச் சரிசெய்ததையும் அது சொல்கிறது.

இரண்டாவது கல்வெட்டு கி.பி. 548-ஐச் சேர்ந்தது. அதை வெட்டியவர் அப்ரஹா! எத்தியோப்பியாவிலிருந்து வந்த படையின் தளபதியாக இருந்து ஏமனின் ஆட்சியைக் கைப்பற்றிய கிறிஸ்தவ மன்னர். திருக்குர்ஆனின் 105-வது அத்தியாயத்தில் வரும் யானைப் படையை மக்காவுக்கு நடத்தி வந்தவர் இவர்தான் என்கிறது இஸ்லாமிய மரபு. அந்த அத்தியாயத்தில் அவர் பெயர் இல்லை, மரபுச் செய்திகளில்தான் இருக்கிறது.

அவருடைய கல்வெட்டு ஒரு திரைக்கதை போலவே போகிறது. ஒரு பக்கம் கிளர்ச்சி. அதை அடக்கிக்கொண்டிருக்கும்போதே அணை உடைந்துவிட்டதாகத் தகவல் வருகிறது. வேலைக்கு ஆட்களைத் திரட்டினால் கொள்ளைநோய் பரவுகிறது. வந்தவர்கள் ஊருக்குத் திரும்ப அனுமதி கொடுக்கிறார். நோய் தணிந்த பிறகு மீண்டும் வேலை நடக்கிறது. ரோமப் பேரரசரும் பாரசீக மன்னரும் எத்தியோப்பிய மன்னரும் தூதர்களை அனுப்புகிறார்கள். கடைசியில் சாப்பாட்டுக் கணக்கு! வேலையாட்களுக்கு 50,806 அளவை மாவு, 26,000 அளவை பேரீச்சம்பழம் என்று கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்.

அந்தக் கல்வெட்டு தொடங்கும் விதமும் கவனிக்க வேண்டியது. 'ரஹ்மானன்' என்று கடவுளை அழைத்து, மெசியாவையும் பரிசுத்த ஆவியையும் சொல்லித் தொடங்குகிறது. 'அளவற்ற அருளாளன்' என்ற பொருளில் திருக்குர்ஆனில் வரும் 'ரஹ்மான்' என்ற பெயரின் தென் அரேபிய வடிவம் அது. யூத, கிறிஸ்தவ மன்னர்கள் ஆண்ட ஏமனில், ஒரே இறைவனைக் குறிக்க அந்தப் பெயர் ஏற்கெனவே வழக்கில் இருந்திருக்கிறது.

ஏன் உடைந்துகொண்டே இருந்தது?

காட்டாற்று வெள்ளம் தண்ணீரோடு வண்டலையும் கொண்டுவரும். வயல்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வண்டல் படிந்தது. ஒரு தலைமுறைக்கு இது பெரிய விஷயமே இல்லை. ஆயிரம் ஆண்டுகள் என்றால்? வயல் 10 மீட்டர் உயர்ந்துவிடும். அந்த உயரத்துக்குத் தண்ணீர் ஏற வேண்டுமானால், அணையையும் உயர்த்தியாக வேண்டும். உயர்த்த உயர்த்தக் கரையின் மேல் அழுத்தம் கூடும். தொடர்ந்து ஆள் பலமும் பணமும் இருந்தால்தான் இது சாத்தியம்.

அந்தப் பணம் வந்ததோ குந்திரிக்கத்திலிருந்தும் வெள்ளைப்போளத்திலிருந்தும். தென் அரேபியாவில் விளைந்த இந்த வாசனைப் பிசின்களை ஒட்டகங்களில் ஏற்றி, வழிநெடுக ஊர்களில் தங்கித் தங்கி மத்தியதரைக் கடல் வரை கொண்டுபோனார்கள். ஆனால் கி.பி. முதல் நூற்றாண்டு வாக்கில் பருவக்காற்றைப் பிடித்து ஓடிய கப்பல்கள் செங்கடலையும் இந்தியாவையும் நேரடியாக இணைத்தன. முசிறி மிளகு ரோமுக்குப் போன அதே காலம். ஓமனில் உள்ள பழைய குந்திரிக்கத் துறைமுகமான சும்ஹுரத்தில், தமிழ் பிராமி எழுத்து பொறித்த பானை ஓடு ஒன்றே கிடைத்திருக்கிறது. வணிகம் கடலுக்கு நகர நகர, ஒட்டகப் பாதையின் முக்கியத்துவம் குறைந்தது. 3-ம் நூற்றாண்டின் இறுதியில் ஹிம்யர்கள் ஸபாவைத் தங்கள் ஆட்சியோடு இணைத்துக்கொண்டார்கள். மாரிப் தலைநகர் என்ற தகுதியை இழந்தது.

அப்ரஹா சரிசெய்த பிறகும் அணை அதிக காலம் தாங்கவில்லை. 6-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உடைந்தது, பிறகு சரிசெய்ய யாரும் வரவில்லை. வயல்கள் காய்ந்தன. பாசனம் நின்ற உவர் நிலத்தில் என்ன முளைக்கும்? அத்ல் மரமும் இலந்தையும்தான்.

இது 'பழங்கதை' அல்ல!

இந்த இடத்தில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. நமக்கு இது 1,500 ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி. ஆனால் ஸபா அத்தியாயம் அருளப்பட்டது நபிகள் நாயகம் மதீனாவுக்குப் போவதற்கு முன்பு, மக்காவில் இருந்த காலத்தில். அதாவது கி.பி. 622-க்கு முன். அப்ரஹாவின் கல்வெட்டுக்கும் அதற்கும் இடையே எழுபது ஆண்டுகள் அளவுக்குத்தான் இடைவெளி.

மக்கா வணிகர்கள் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் ஏமனுக்குப் போய்வந்தவர்கள். மதீனாவின் அவ்ஸ், கஸ்ரஜ் குலத்தினர், தங்கள் முன்னோர்கள் மாரிபிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள். அதனால் முதலில் அந்த வசனங்களைக் கேட்டவர்களுக்கு, இது தாத்தா காலத்துச் செய்தி. பாழடைந்த அந்த வயல்களை நேரில் பார்த்தவர்களும் அவர்களில் இருந்திருக்கலாம். மன்னர் பெயரும் ஆண்டும் ஏன் அங்கே தேவைப்படவில்லை என்று இப்போது புரிகிறதா? கேட்டவர்களுக்குத் தெரிந்த நிகழ்வை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து கற்க வேண்டிய பாடத்தை அந்த வசனங்கள் சொல்கின்றன.

ஸபா ராணி இருந்தாரா?

27-வது அத்தியாயத்தில் சுலைமான் நபியைச் சந்திக்கும் ஸபா நாட்டு அரசி வருகிறார். பைபிளிலும் அவர் உண்டு. 'பில்கீஸ்' என்ற பெயர் திருக்குர்ஆனில் இல்லை, மரபில் வந்தது. மாரிபில் உள்ள பழைய கோயில் ஒன்றை மக்கள் 'பில்கீஸின் சிம்மாசனம்' என்றே அழைக்கிறார்கள். ஆனால் அது அல்மகா என்ற ஸபா தெய்வத்தின் கோயில் என்கின்றன கல்வெட்டுகள். ஸபாவை ஓர் அரசி ஆண்டதாகச் சொல்லும் கல்வெட்டு இதுவரை கிடைக்கவில்லை. அதேசமயம், அரேபியர்களை அரசிகள் ஆண்டது கி.மு. 8-ம் நூற்றாண்டு அசீரியக் குறிப்புகளில் இருக்கிறது. சர்கோன் மன்னருக்குக் காணிக்கை அனுப்பியவர்களின் பட்டியலில், ஷம்சி என்ற அரேபிய அரசியும் ஸபாவின் இத்அமரும் அடுத்தடுத்து வருகிறார்கள்.

அணை விஷயத்தில் கிடைத்த சான்றுகள் ராணி விஷயத்தில் கிடைக்கவில்லை. இதைச் சொல்வதால் நம்பிக்கைக்கு எந்தக் குறைவும் வராது, வரலாற்றுக்கும் வராது. சான்று கிடைக்காத இடத்தில் 'நிரூபணம்' என்று கூவுவதும், சான்று இருக்கிற இடத்தில் 'கட்டுக்கதை' என்று ஒதுக்குவதும்தான் தவறு.

இன்று மாரிப்

1986-ல், பழைய அணைக்குச் சற்று மேலே புதிய அணை திறக்கப்பட்டது. அதற்குப் பணம் கொடுத்தவர், அப்போதைய ஐக்கிய அரபு அமீரக அதிபர் ஷேக் சையத். தன் குலம் பழங்காலத்தில் மாரிபிலிருந்து இடம்பெயர்ந்தது என்பது அவர் சொன்ன காரணம்.

2015-ல் ஏமன் போரின்போது நடந்த வான்வழித் தாக்குதலில், பழைய அணையின் மதகுப் பகுதி சேதமடைந்தது. யுனெஸ்கோ கண்டனம் தெரிவித்தது. 2023 ஜனவரியில் மாரிபின் ஸபா கால நினைவுச் சின்னங்களை உலகப் பாரம்பர்யப் பட்டியலில் சேர்த்தது. அதே நாளில் 'ஆபத்தில் உள்ளவை' பட்டியலிலும் சேர்த்தது. ஏமனின் பல பகுதிகளிலிருந்து போரால் விரட்டப்பட்ட லட்சக்கணக்கான மக்கள், இன்று மாரிபைச் சுற்றியுள்ள கூடாரங்களில்தான் வாழ்கிறார்கள். ஒரு காலத்தில் மக்கள் சிதறி ஓடிய அதே ஊர், இப்போது சிதறி ஓடிவந்தவர்களுக்கு அடைக்கலம் தருகிறது.

அந்த வீடியோவை அனுப்பிய குரூப்பில் நான் பதில் போட்டேன். 'அணை உண்மைதான். ஆனால் புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல. உடைந்த கதையும் உண்மை, ஒருமுறை அல்ல, பலமுறை' என்று எழுதி, அப்ரஹாவின் சாப்பாட்டுக் கணக்கையும் சேர்த்தேன். சண்டை நின்றது. "50,806 அளவை மாவா? யார் பிசைந்திருப்பார்கள்?" என்று ஒரு அக்கா கேட்டார். அதற்கு மட்டும் கல்வெட்டில் பதில் இல்லை!