மலை மேலே காரட், குழாயிலே மண்!
பில்லூர் தண்ணீர் கலங்குவது ஏன்?

கோவை,
நீலகிரியில் இரண்டு நாள் அடைமழை பெய்தால் போதும். கோவையில் குழாயடியில் குடத்தோடு நிற்கும் பெண்கள் முகம் சுளிக்கிறார்கள். "ஏனுங்க, தண்ணி டீ கலர்ல வருது?" என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது.

குழாய் உடைப்பு, தொட்டி கழுவவில்லை என்று காரணம் சொல்வார்கள். அதுவும் உண்டு. ஆனால் பெரிய ஆசாமி மலை மேலே இருக்கிறார். அவர் பெயர் மண்!

அணைக்குள் மலை

பவானியும் குந்தா ஆறும் கொண்டுவரும் தண்ணீர் பில்லூர் அணையில் தேங்குகிறது. 1960-களில் மின்சாரத்துக்காகக் கட்டிய அணை இது. இன்று கோவைக்குக் குடிதண்ணீரும் இதை நம்பித்தான். மூன்றாவது பில்லூர் குடிநீர்த் திட்டம் 2024-ல் தொடங்கியது.

அணையின் முழு நீர்மட்டம் 100 அடி. ஆனால் அடியில் கிடப்பது சேறு! பல வருஷமாக மலையிலிருந்து இறங்கிய மண். அதனால் பலத்த மழை பெய்தால் சீக்கிரமே நிரம்பிவிடுகிறது. 97 அடியைத் தொட்டதும் தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள். மேட்டுப்பாளையம் கரையோர மக்களுக்கு வெள்ள எச்சரிக்கை!

உரமும் சேர்ந்து வருது

சரிவில் காரட்டும் உருளைக்கிழங்கும் போடுகிறவர்கள் பலர் பாத்தியை மேலிருந்து கீழாக இழுக்கிறார்கள். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிப்போகும் என்ற பயம். பயம் நியாயம்தான். ஆனால் மழை பெய்தால் அந்தப் பாத்தியே ஓடையாகிவிடுகிறது.

மண் மட்டும் போகவில்லை. காசு கொடுத்து வாங்கிய உரமும் போகிறது. மணிச்சத்து மண்ணோடு ஒட்டிக்கொண்டு இறங்கும். தழைச்சத்து தண்ணீரில் கரைந்து வரும். தேங்கிய இடத்தில் பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் அது விருந்து. பாசி அழுகினால் நாற்றம். மீனுக்குப் பிராணவாயு கிடையாது.

சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரம் கூடுதலாகப் போட வேண்டியிருக்கிறது. கலங்கல் மிஞ்சினால் வேறு தொல்லை. மண் துகள் மறைவில் கிருமி பதுங்கும். குளோரின் சரியாக வேலை செய்யாது.

வழி இல்லாமல் இல்லை

ஊட்டியில் மண்வள ஆராய்ச்சி நிலையம் 1954-லிருந்து இருக்கிறது. வழியும் எப்போதோ தெரியும். சரிவைப் படிக்கட்டு மாதிரி மேடையாக வெட்ட வேண்டும். மேடையை உள்பக்கமாகச் சாய்த்து, ஓரத்தில் வடிகால் விட்டால் கிழங்கும் அழுகாது, மண்ணும் ஓடாது. விளிம்பில் புல் வரிசை நட்டால் இன்னும் பலம். ஓடைக்கரை வரை கொத்தாமல் கொஞ்ச தூரம் புதராக விட்டாலே பாதி சேறு அங்கே நின்றுவிடும்.

அப்புறம் ஏன் எல்லோரும் செய்யவில்லை? மேடை வெட்டக் கூலி ஆகும்; நடுகிற இடமும் குறையும். குத்தகைக்காரருக்கோ அடுத்த வருஷம் அந்த நிலம் கையில் இருக்குமா என்பதே சந்தேகம். அவர் எதற்குச் செலவழிப்பார்? தூர்வாரக் கோடிக்கணக்கில் பேசுகிறவர்கள் அதில் கொஞ்சத்தை மலைக்காரருக்குக் கொடுத்தால் என்ன? மேலே மண் நிற்காமல் கீழே தூர்வாரினால், பள்ளம் மறுபடி மூடிக்கொள்ளும்.

அதுவரை இல்லத்தரசிகளுக்கு ஒரு வார்த்தை: கலங்கல் தண்ணீரைக் குடத்தில் தெளிய வைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, நன்றாகக் கொதிக்க வைத்த பிறகே குழந்தைகளுக்குக் கொடுங்கள்.