குணமாகாதவர்களின் சாட்சி

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையின்போது சாட்சி சொல்ல என்று ஒரு நேரம் உண்டு. நோய் நீங்கியவர், கடன் அடைந்தவர், மகனுக்கு வேலை கிடைத்தவர் எழுந்து வந்து, மைக்கைப் பிடித்து, ஆண்டவர் செய்த நன்மையைச் சொல்வார்கள். நல்ல வழக்கம். ஆனால் அந்த மைக் சிலர் கைக்கு மட்டும் போவதே இல்லை. ஜெபித்தும் குணமாகாதவர்கள், கேட்டும் கிடைக்காதவர்கள், அப்படியும் விசுவாசத்தை விடாதவர்கள். துன்பத்தைப் பற்றிக் கிறிஸ்தவம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் இவர்களிடம்தான் முதலில் கேட்க வேண்டும். என் தம்பி இவர்களில் ஒருவன் என்பதால் இதை உரிமையோடு எழுதுகிறேன்.

தம்பி ஆரணிப் பக்கம் எங்கள் ஊரில் தேங்காய் பறிக்க மரம் ஏறியபோது, பிடித்த மட்டையோடு கீழே வந்துவிட்டான். முதுகெலும்பு உடைந்து உள்ளே தண்டுவடம் நசுங்கியது. தொப்புளுக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. கை கால் எலும்பு முறிந்தால் மாவுக்கட்டு போட்டுக் கூடவைத்துவிடலாம். தண்டுவடம் முழுதாக நைந்துபோனால் அதை மறுபடி வேலை செய்யவைக்க இன்றுவரை மருத்துவம் இல்லை. மரத்திலிருந்து விழுந்தவர்கள், சாரம் சரிந்து விழுந்த கொத்தனார்கள், பைக் விபத்தில் சிக்கிய இளைஞர்கள் என்று நம் மாவட்டங்களில் இப்படிப் படுத்தவர்கள் நிறைய. பெரும்பாலும் வீட்டுக்குச் சோறு போட்டவர்கள்.

முதலில் சேர்த்த மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை முடித்து, "இனிமே வீட்ல வச்சிப் பாத்துக்கோங்க" என்று அனுப்பிவிட்டார்கள். எப்படிப் பார்ப்பது என்று யாரும் சொல்லித்தரவில்லை. சில வாரங்களிலேயே இடுப்புக்குக் கீழே, முதுகுத்தண்டு முடியும் இடத்தில் படுக்கைப்புண் வந்தது. விரல் நுழையும் ஆழம். அவனுக்கு அது வலிக்கவே இல்லை. நாற்றம் வந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

அந்த நாள்களில் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அன்பாகத்தான் வந்தார்கள். ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து, எந்தப் பாவம் இந்தக் குடும்பத்தைத் தொடருகிறதோ என்றார். இன்னொருவர் தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு, "விசுவாசம் மட்டும் இருந்தா நீ இப்பவே எழுந்திரிப்ப, கண்ணு" என்றார். மூன்றாமவர் சொன்னதுதான் எங்களை அதிகம் வாட்டியது: "ஆண்டவர் ஏதோ ஒரு நோக்கத்தோடதான் இத செஞ்சிருக்காரு." அவர் போனதும் அம்மா கேட்டார்: "எம்புள்ள முதுக ஒடச்சிதான் ஆண்டவருக்கு நோக்கம் நெறவேறணுமா?"

வேதாகமம் அம்மாவின் கேள்வியை ஒதுக்கவில்லை. யோபு இதைவிடக் கடுமையாகக் கடவுளிடம் வழக்காடினார். அவரைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். வாயைத் திறந்து, நீ பாவம் செய்திருப்பாய் என்று காரணம் சொல்லத் தொடங்கியதும் எல்லாம் கெட்டது. கதையின் முடிவில் கடவுளின் கோபம் வழக்காடிய யோபுவின் மேல் விழவில்லை. காரணம் சொன்ன நண்பர்கள்மேல் விழுந்தது. யோவான் சுவிசேஷத்தில் பிறவிக் குருடர் ஒருவரைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்கிறார்கள். இவரும் செய்யவில்லை, இவரைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்று இயேசு அந்தக் கணக்கையே தள்ளிவிடுகிறார். அவரே கெத்செமனே தோட்டத்தில், முடிந்தால் இந்தத் துன்பம் தம்மைவிட்டு நீங்கட்டும் என்றுதான் ஜெபித்தார். துன்பத்தை ஆசையோடு வரவேற்கும் மதமாகக் கிறிஸ்தவத்தைக் காட்டுவது சரியில்லை.

அப்படியானால் துன்பத்திலிருந்து ஒரு வாழ்வு எப்படி எழும்புகிறது? இதற்கு டாக்டர் மேரி வர்கீஸைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

கொச்சிக்கு அருகே செராயில் 1925-இல் பிறந்தவர் அவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) படித்து மருத்துவரானார். மகப்பேறு மருத்துவத்தில் நிபுணராக வேண்டும் என்பது ஆசை. 1954 ஜனவரியில் உடன் பணியாற்றும் மருத்துவர்களோடு வெளியூர் போனபோது வண்டி கவிழ்ந்தது. முகம் சிதைந்தது. தண்டுவடமும் போனது. இருபத்தெட்டு வயதில் இரண்டு காலும் செயலற்றுவிட்டன. பிரசவ அறையில் ஓடியாட வேண்டிய மருத்துவர் படுக்கையில் புரளக்கூட இன்னொருவர் கையை எதிர்பார்த்தார்.

அந்தக் காலத்தில் இதன் பொருள் என்ன என்பதையும் சொல்ல வேண்டும். முதல் உலகப்போரில் தண்டுவடம் அடிபட்ட சிப்பாய்கள் பெரும்பாலும் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் சில மாதங்களுக்குள் இறந்துபோனார்கள். இவர்களை வாழவைக்க முடியும் என்று லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் செய்து காட்டத் தொடங்கியதே 1944-இல்தான். இந்தியாவில் அப்படி ஒரு துறை வேர்விடாத நேரத்தில் மேரி விழுந்தார்.

அவருக்கு வழி காட்டியவர் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து, பள்ளிப் பருவத்தில் தந்தையை அதே மலையின் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, நல்ல தசைநாணை இடம் மாற்றித் தைத்து மீண்டும் வேலை செய்யவைக்கும் அறுவைச் சிகிச்சையை வேலூரில் உருவாக்கியவர். அவர் மேரியிடம் ஆறுதல் மொழி பேசுவதோடு நிற்கவில்லை. ஒரு வேலையைக் காட்டினார். கை அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்தே செய்யலாம். உனக்குக் கைகள் நன்றாக இருக்கின்றன, மருத்துவமும் கற்றிருக்கிறாய், வா என்றார்.

மேரி சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கத் தொடங்கினார். ஊர் ஒதுக்கிய நோயாளிகள், தங்களைவிட உடல் முடங்கிய ஒரு மருத்துவர் தங்கள் கையைப் பிடித்துப் பார்ப்பதைக் கண்டார்கள். எந்தப் பிரசங்கமும் அவர்களுக்குத் தந்திருக்க முடியாத தைரியத்தை அது தந்தது.

பிறகு அவர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குப் போய், நாற்காலியிலிருந்து கட்டிலுக்குத் தானே மாறுவது முதல் அன்றாட வேலைகள் எல்லாவற்றையும் பிறர் துணையின்றிச் செய்யப் பழகினார். அடுத்து நியூயார்க்கில், மறுவாழ்வு மருத்துவத்தின் முன்னோடியான டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிறுவனத்தில் பயிற்சி பெற்றார். திரும்பி வந்து சி.எம்.சி.யில் மறுவாழ்வு மருத்துவத் துறையைப் பொறுப்பேற்றார். வேலூரை ஒட்டிய பாகாயத்தில் 1966-இல் மறுவாழ்வு மையம் எழுந்தது. 1972-இல் பத்மஸ்ரீ விருது வந்தது. 1986-இல் இறக்கும்வரை அவர் கால்கள் திரும்பவில்லை.

இந்த வரலாற்றில் நான் பிடித்துக்கொள்வது ஒன்றுதான். அந்த விபத்தை நல்லது என்று என்னால் ஒருநாளும் சொல்ல முடியாது. விபத்து கால்களைத்தான் எடுத்தது, எதையும் தரவில்லை. தந்தவர்கள் மனிதர்கள்: வேலை கொடுத்த பிராண்ட், கற்றுத்தந்த பெர்த் மருத்துவமனை, இடம் கொடுத்த கல்லூரி. இவர்கள் எல்லாருடைய கைகளின் வழியாகவும் கடவுள் தம்மை விடவில்லை என்ற நம்பிக்கையில் எஞ்சியதை எடுத்துக்கொண்டு எழுந்தவர் மேரி.

தம்பியைப் பாகாயத்துக்குக் கொண்டுபோனபோது அவன் பேசுவதையே நிறுத்தியிருந்தான். அங்கே அவனுக்குச் சொல்லித்தந்தது எல்லாம் உடம்புக்கான பாடம். படுத்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரண்டு படுக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தால் அவ்வப்போது இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் எலும்புக்கும் நாற்காலிக்கும் நடுவே சதை நசுங்கி ரத்த ஓட்டம் நின்று புண்ணாகும். காலையும் இரவும் கையில் கண்ணாடி பிடித்துத் தன் பின்பக்கத்தைத் தானே பார்க்க வேண்டும். சிவந்திருந்தால் அந்தப் பக்கம் படுக்கக்கூடாது. மணி பார்த்துக் குழாய் செலுத்திச் சிறுநீரை எடுக்க வேண்டும், தேங்கினால் சிறுநீரகம் கெடும். எனக்கும் அம்மாவுக்கும் பக்கத்திலேயே பயிற்சி நடந்தது.

உணர்வு இல்லாத உடம்பை எப்படிக் காப்பது என்பதில் பிராண்ட் கண்டுபிடித்த ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தானாகவே அழுகி விழுகின்றன என்றுதான் அதுவரை உலகம் நம்பியது. நோய் நரம்பைக் கெடுத்து வலியை எடுத்துவிடுகிறது, வலி தெரியாததால் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும் விரல்கள் தேய்கின்றன என்று அவர் காட்டினார். வலி கடவுள் தந்த காவல் என்று பின்னாளில் பிலிப் யான்சியோடு சேர்ந்து ஒரு புத்தகமே எழுதினார். தம்பிக்கும் இதுவே நடந்தது. ஒருமுறை வேலையின்போது அவன் மடியில் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் சரிந்து கிடந்தது. வேட்டி கருகும் வாடை வந்த பிறகுதான் குனிந்து பார்த்தான். தொடையில் நான்கு விரல் நீளத்துக்கு வெந்திருந்தது. அந்தத் தழும்பைக் காட்டித்தான் அவன் இன்று மற்றவர்களுக்குப் பாடம் சொல்கிறான்.

அவன் இப்போது மோட்டார் காயில் கட்டுகிறான். எங்கள் பக்கம் கிணற்று மோட்டார் எரிந்துபோகாத கோடை கிடையாது. கருகிய பழைய செம்புக்கம்பியை உருவி எடுத்து, ஒவ்வொரு பள்ளத்திலும் தாள் செருகி, சுற்று எண்ணிப் புதுக் கம்பி கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைக்க வேண்டும். பொறுமையும் கையும் மட்டும் கேட்கும் வேலை. மேசையை நாற்காலியின் உயரத்துக்கு ஆசாரி செய்து கொடுத்தார். அடுத்த ஊர்களில் யாராவது மரத்திலிருந்து விழுந்தால் இவனைத்தான் தேடி வருகிறார்கள். மூன்று சக்கர ஸ்கூட்டரில் போவான். கட்டிலில் கிடக்கிறவர் ஏன் எனக்கு இப்படி என்று அழுவார். தம்பி அழவிடுவான். பிறகு சொல்வான்: "அந்தக் கேள்விய நானும் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். மொதல்ல புண்ணு வராம பாத்துக்க, ஆண்டவர்கிட்ட சண்ட போடவும் ஒடம்பு வேணும்."

பவுல் அப்போஸ்தலர் ரோமருக்கு எழுதிய கடிதத்தில், உபத்திரவத்திலிருந்து பொறுமையும் அதிலிருந்து தேர்ச்சியும் அதிலிருந்து நம்பிக்கையும் பிறக்கும் என்று ஒரு வரிசை சொல்கிறார். துக்க வீடுகளில் அடிக்கடி வாசிக்கப்படும் பகுதி. அது ஒரு சபைக்கு எழுதிய கடிதம், பலர் கூடியிருக்க வாசிக்கப்பட்டது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். யாரும் எட்டிப் பார்க்காத அறையில் உபத்திரவம் பொறுமையைப் பெறுவதில்லை, கசப்பைத்தான் பெறும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தம்பிக்கு வந்த அதே அடி பட்டு, அதே வயதில், யாரும் புரட்டிப் போடாததால் புண்ணோடு செத்தவர்கள் எங்கள் சுற்றுவட்டாரத்திலேயே உண்டு. அவர்கள் விசுவாசத்தில் குறைந்தவர்கள் இல்லை.

அதே பவுல் தன் உடம்பில் ஒரு முள் இருந்ததாகவும், அதை எடுக்கும்படி மூன்று முறை வேண்டியும் எடுக்கப்படவில்லை என்றும் கொரிந்தியருக்கு எழுதினார். கிருபை போதும் என்ற பதிலோடு அவர் ஊர் ஊராக நடந்தார். குணமாகாத ஒருவரின் சாட்சியைத்தான் இரண்டாயிரம் ஆண்டாக வேதமாக வாசிக்கிறோம். அதே கடிதத்தின் தொடக்கத்தில், நாம் பெற்ற ஆறுதலைக் கொண்டு துன்பப்படும் மற்றவர்களுக்கு ஆறுதல் செய்ய வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். தம்பியின் வாழ்க்கைக்கு ஒரு நோக்கம் இருக்கிறதா என்று கேட்டால், அந்த வரியைத்தான் காட்டுவேன். அந்த நோக்கம், அவன் மரத்திலிருந்து விழுந்தபோது அவனோடு சேர்ந்து விழவில்லை. பிறகு, மெதுவாக, பலர் கைகொடுத்து உண்டானது.

இதை வாசிக்கிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. உங்கள் தெருவிலோ சபையிலோ தண்டுவடம் அடிபட்டவர் இருந்தால், காரணம் சொல்லப் போகாதீர்கள். மறுவாழ்வு மையத்துக்கு எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கூட்டிப் போங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கும் உதவித்தொகைக்கும் அவர் வீட்டாரோடு நீங்களும் போய் வரிசையில் நில்லுங்கள். வாரத்தில் ஓர் இரவு அவரைப் புரட்டிப் போடும் வேலையை ஏற்று, அந்தத் தாயைத் தூங்கவிடுங்கள். உங்கள் ஆலய வாசலில் படிகள் மட்டும் இருந்தால், அடுத்த அறுப்பின் பண்டிகைக்குள் பக்கத்தில் ஒரு சாய்தளம் கட்டுங்கள். அவர் உள்ளே வந்ததும், சாட்சி நேரத்தில் மைக்கை அவரிடமும் கொடுங்கள்.