உஷார்! அந்த மாத்திரையை நிறுத்திப்போடாதீங்க

தலையில் கட்டி என்று ஸ்கேன் ரிப்போர்ட் வந்த வீட்டில் முதல் வாரம் யாருக்கும் தூக்கம் இருக்காது. பெரிய தப்புகள் நடப்பதும் அந்த வாரத்தில்தான். பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் சித்தப்பா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள்.

டாக்டர் எழுதிக் கொடுத்தது டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. கட்டியைச் சுற்றி மூளையில் ஏறும் வீக்கத்தை வடியவைப்பது அதுதான். ரெண்டே நாளில் வாந்தி நின்று, மனுஷன் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். ஆனால் சர்க்கரை 300-ஐத் தாண்டியது. முகம் உப்பியது. ராத்திரி ரெண்டு மணிக்குச் சித்தியை எழுப்பி, "அம்மிணி, சோறு இருக்குதா?" என்பார். இல்லையென்றால் கோபம் வேறு. பசி, தூக்கமின்மை, கோபம் எல்லாம் அந்த மாத்திரையின் வேலைதான் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

சொந்தக்காரர் ஒருவர் பொடி டப்பாவோடு வந்தார். "இங்கிலீஷ் மருந்து சூடுங்க. அதை நிறுத்திப்போட்டு இதைக் குடுங்க, கட்டி கரைஞ்சுரும்." நிறுத்தினார்கள். மூணாம் நாள் கண் திறக்காமல் கிடந்தவரை 108-ல் கோவைக்குக் கொண்டு ஓடினோம். சித்தியின் மஞ்சப்பையில் அந்த அட்டை இருந்தது, பதினோரு மாத்திரை பிரிக்காமலே.

ஸ்டீராய்டு கொஞ்ச நாள் தொடர்ந்து உள்ளே போனால், உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரியும், மூளை வீக்கமும் திரும்பி வரும். டாக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். சர்க்கரை ஏறினால் அதற்குத் தனி மருந்து உண்டு, போய்க் கேளுங்கள். வலிப்புக்கு மாத்திரை கொடுத்திருந்தால் அதையும் நீங்களாக நிறுத்தக் கூடாது, ஒரு வேளைகூடத் தவறக் கூடாது.

வலிப்பு வந்தால் கையில் சாவியைத் திணிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மணியைப் பாருங்கள். அஞ்சு நிமிஷம் தாண்டினால் 108.

இன்னொன்று, எனக்கு ஆற்றாமையே இதில்தான். "வெறும் நீர்க்கட்டிங்க" என்று நோயாளியிடமே மறைக்கிறோம். அவரும் நம்பிக்கொண்டு வண்டியை எடுக்கிறார், கிணற்று மேட்டில் நிற்கிறார், தறிக்குப் போகிறார். அங்கே வலிப்பு வந்தால்? மூளைக் கட்டி எல்லாமே புற்றுநோய் இல்லை. மூளையைச் சுற்றியுள்ள உறையில் வரும் மெனிஞ்சியோமா பெரும்பாலும் சாதாரணக் கட்டிதான். எந்த வகை என்பதைச் சதைப் பரிசோதனைதான் உறுதியாகச் சொல்லும். அதற்குள் நாமாக ஒரு முடிவு கட்டிப் பொய் சொல்வது ஏனுங்க?

ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று தோட்டத்தை அடமானம் வைக்க ஓடாதீர்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வருஷத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. முன்பணம் கட்டுவதற்கு முன்பே ஆஸ்பத்திரிக் காப்பீட்டு கவுண்டரில் கேளுங்கள். திருச்சி ரோட்டில் கோவை அரசு ஆஸ்பத்திரியும் இருக்கிறது. எங்கே போனாலும் ஸ்கேன் சிடியைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள், ரிப்போர்ட் தாள் மட்டும் பத்தாது.

தலைவலி கூடிக்கொண்டே போகிறது, வாந்தி நிற்கவில்லை, எழுப்பினால் எழவில்லை, ஒரு பக்கம் கை கால் துவள்கிறது. இதில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். அந்த ராத்திரியே கிளம்புங்கள், மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு.